அரை மணித்தியாலம்

மாதம் மாதம் காசு கேட்கிற இணைப்பை
ஆவணியோடு நிறுத்திவிட்டோம்.
கூரையில் தட்டு மட்டும் மிச்சம்.
விளிம்பைக் கடல் உப்புத் தின்றிருக்கிறது.
மழைக்கு மறுநாள் ஒரு காகம் வந்து
தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்கும்.

மத்திய வீதியில் நிஸ்தார் நாநாவின் கடை.
கண்ணாடி அலுமாரிக்கு மேல் நாலு ரிசீவர்.
"வானம் ஒண்டுதான் தங்கச்சி,
பிடிக்கிற பெட்டிதான் வேற வேற."

முதலாவது மலிவு. புதுச் சனல் வந்தால்
கறுப்புத் திரையும் ஒரு குரலும்தான்.
இரண்டாவதில் எச்டி, வைஃபை எல்லாம் உண்டு;
எங்கள் டீவியில் இருப்பதோ
சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று துளை.
மூன்றாவது நல்ல சாமான்,
ஆனால் ரிமோட் துலைந்தால் வேறு கிடையாது என்றார்.
அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
நாலாவதின் நெற்றியில்
நாலு சிவப்பு இலக்கம். நேரம் காட்டுமாம்.

புவிதரன் எழுதித் தந்த துண்டு கையில் இருந்தது:
எம்பெக் நாலா, ரெக்கோட் செய்யுமா,
வோரன்டி எத்தனை மாதம்.
ஒன்றையும் கேட்கவில்லை.
சீனக்குடா மாவு ஆலைக்கு அவர்
விடிய நாலே முக்காலுக்கு வெளிக்கிட வேணும்.
போனைத் தட்டி நேரம் பார்த்தால்
அந்த வெளிச்சத்துக்குச் சின்னவள் முழித்துவிடுவாள்.
"இதைத் தாங்கோ."
ஐயாயிரத்து எண்ணூறு.

அவர் கூரையில். நான் யன்னலடியில்.
நாற்பத்தொன்று. ஐம்பத்திரண்டு.
கொஞ்சம் கிழக்கே. ஐயோ, போச்சு!
உவர்மலை முழுக்க எங்கள் வீட்டு
வீதக் கணக்கைக் கேட்டிருக்கும்.
கீழே விழுந்த கேபிள் துண்டை
மான் ஒன்று மோந்து பார்த்தது. பிடிக்கவில்லை.

எண்பத்தேழு சனல் விழுந்தது.
தெரியாத மொழியில் ஒருவர்
வெண்டிக்காய்க்கு மருந்தடிக்கக் காட்டினார்.
சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு இலக்கம் 1:52 என்றது.
எங்களுக்கு அப்போது இரவு ஏழு இருபத்திரண்டு.
"அது லண்டன் நேரம். கூட்ட வேணும்," என்றார்.
ஐந்து கூட்டினால் அரை மணி பிந்துகிறது.
ஆறு கூட்டினால் அரை மணி முந்துகிறது.
நடுவில் நிற்க அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

"கொண்டுபோய் மாத்து, நாநா தருவார்,"
என்றவர் ஆறிலேயே விட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"இது எங்கட அந்தப் புது நேரமல்லோ?"

அதுதான்.
தொண்ணூற்றாறில் கடிகாரங்களைத்
தள்ளி வைக்கச் சொன்னார்கள்.
பத்து வருசம்
கந்தோருக்கு ஒரு நேரம், பூசைக்கு ஒரு நேரம்,
ஆற்றுக்கு அங்கால் பழைய நேரம்.
கலியாணக் காட்டிலும்
எந்த நேரம் என்று அச்சடிக்க வேண்டியிருந்தது.

மூதூர் லோஞ்சுக்கென்று போன அண்ணா
எத்தனை மணிக்கு வெளிக்கிட்டான் என்று
மேசைக்கு மேசை கேட்டார்கள்.
அம்மா ஒன்று சொன்னா, நான் ஒன்று சொன்னேன்.
இரண்டும் சரி.
இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

நான் பெட்டியை மாற்றவில்லை.

விடிய அது நாலே முக்கால் என்னும்போது
நாலே கால்தான்.
அவருக்கும் தெரியும். ஆனாலும் எழும்பிவிடுகிறார்.
சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு
பிளேன்டீயோடு இருந்து
எந்த ஊரிலோ மாடு குளிப்பாட்டுவதைப் பார்க்கிறார்.
நான் பாயில் படுத்தபடி
அவருடைய முதுகைப் பார்க்கிறேன்.
நித்திரை என்று நினைத்திருப்பார்.

கேற்றைத் திறந்தால்
மான்கள் வீதியிலேயே படுத்திருக்கும்.
ஹோர்ன் அடிப்பதில்லை.
மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணாமல் உருட்டி
அவைகளைச் சுற்றிக்கொண்டு போவார்.
நேரம் கிடக்குதுதானே.